வயர்லெஸ் மைக் வாங்கப் போறீங்களா? ஒரு ராத்திரி கூத்து பார்த்துட்டு வாங்க

"நல்ல வயர்லெஸ் மைக் எது?" என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பத்துப் பேர் பத்து பெயர் சொல்வார்கள். ரோட் (சாலை இல்லைங்க, ஆஸ்திரேலியக் கம்பெனி), டிஜேஐ, சென்ஹைசர், ஷூர்... எல்லாம் நல்ல கம்பெனிகள்தான். ஆனால் "நீ எதைப் பதிவு பண்ணப் போறே?" என்று திருப்பிக் கேட்க ஒருத்தரும் இருக்க மாட்டார்கள். மாப்பிள்ளை வீட்டைப் பற்றி ஒன்றுமே விசாரிக்காமல் பட்டுப்புடவை எடுக்கப் போகிற மாதிரி இருக்கிறது இது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயர்லெஸ் செட் என்பது வயருக்குப் பதில் வந்த சாமான். அவ்வளவுதான். குரலை அது நன்றாக்காது. மைக்கில் நுழைந்த குரல் ரெக்கார்டர் வரை கெடாமல் போனால் அது நல்ல செட். அதனால் ஒரு செட்டை எடை போட வேண்டிய இடம் குளிரூட்டிய ஷோரூம் இல்லை, வயர் எங்கே தோற்றுப் போகிறதோ அந்த இடம். அப்படி எனக்குத் தெரிந்த மிகக் கடினமான இடம் தெருக்கூத்து நடக்கிற களம். அங்கே தாக்குப் பிடிக்கிற செட் உங்கள் பேட்டிக்கும் குறும்படத்துக்கும் தாராளமாகப் போதும்.

கூத்து என்ன கேட்கிறது?

எங்கள் உத்திரமேரூர் பக்கமும், அந்தப் பக்கம் வந்தவாசி, செய்யாறு வரையிலும் திரௌபதி அம்மன் கோயில் இருக்கிற ஊர்களில் அக்னி வசந்த விழா நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து. பத்து மணி வாக்கில் தொடங்கினால் விடியும்வரை. நடிகர்தான் பாட வேண்டும், அவர்தான் ஆட வேண்டும், அவர்தான் வசனமும் பேச வேண்டும். பின்னணிக் குரல் எல்லாம் கிடையாது. தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை, மார்பில் பதக்கம், எல்லாம் மரத்தில் செய்து கண்ணாடித் துண்டுகள் பதித்தவை. காலில் சலங்கை. பின்னால் பெஞ்சில் ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், முகவீணை, தாளம், பின்பாட்டு.

இப்போது பெரும்பாலான ஊர்களில் எப்படிப் பதிவாகிறது? பந்தல் கயிற்றில் இரண்டு மூன்று மைக்கைத் தொங்கவிட்டிருப்பார் மைக் செட்காரர். அது குழாய் ஸ்பீக்கருக்குப் போகும். அந்த ஸ்பீக்கரில் வருவதை யாரோ செல்போனில் பிடித்து யூட்யூபில் ஏற்றுவார்கள். படம் பளிச்சென்று இருக்கும். டோலக் கேட்கும். முகவீணை காதைக் கிழிக்கும். திரௌபதி துகிலுரிதலில் சபையைப் பார்த்துக் கேட்கிற கேள்வி மட்டும் கேட்காது. நடிகர் மைக்குக்குக் கீழே வந்தால் ஒரு வரி தெரியும், சுழன்று நகர்ந்தால் அடுத்த வரி போச்சு.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். கூத்தின் பாட்டும் வசனமும் பெரும்பாலும் வாத்தியாரிடமிருந்து வாய்வழியாக வருவது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் இருக்கிறது. பெருங்கட்டூர் ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூய்னும் சேர்ந்து 1990-ல் கட்டியது. அவர்கள் 2002-ல் தொடங்கிய குருகுலத்தில் பையன்களோடு பெண் பிள்ளைகளும் கூத்தும் பள்ளிப் பாடமும் சேர்த்துப் படித்தார்கள். 2020-ல் குருகுலம் மூடப்பட்டது. கற்றுக்கொடுக்கிற இடங்கள் குறையக் குறைய பதிவின் வேலை கூடுகிறது. நாளைக்கு ஒரு பையன் அந்தப் பதிவைக் கேட்டு ஒரு விருத்தத்தைக் கற்க முடியுமா? வார்த்தை தெளிவாகக் கேட்டால் முடியும். இல்லையென்றால் அது வெறும் சத்தம். ஆகவே என் முதல் அளவுகோல் வார்த்தை புரிவது. 'ஸ்டூடியோ குவாலிட்டி' என்று அட்டையில் போட்டிருப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

வயர்லெஸ் எதற்காக வந்தது?

ஒரு சினிமாக் கதை சொல்கிறேன். 1964-ல் வந்த 'மை ஃபேர் லேடி' படத்தில் ரெக்ஸ் ஹாரிசன் கதாநாயகன். பாட்டை முன்கூட்டியே பதிவு செய்துவிட்டுப் படப்பிடிப்பில் வாயசைப்பதுதான் ஹாலிவுட் வழக்கம். அவரோ பாதி பேசிப் பாதி பாடுகிறவர், ஒரு தடவை மாதிரி இன்னொரு தடவை வராது, அதனால் வாயசைக்க முடியாது என்று சொல்லிவிட்டார். கழுத்து டைக்குள் சின்ன வயர்லெஸ் மைக்கை ஒளித்துவைத்து நேரடியாகப் பதிவு செய்தார்கள். சிறந்த ஒலிக்கான ஆஸ்கரும் அந்தப் படத்துக்குத்தான் போனது.

பாதி பேசிப் பாதி பாடுவது, ஒரு தடவை மாதிரி இன்னொரு தடவை வராதது... கூத்து நடிகருக்கு அப்படியே பொருந்துகிறது இல்லையா? வயர் போக முடியாத இடத்தில், மறுபடி செய்ய முடியாத குரலைப் பிடிப்பதற்குத்தான் வயர்லெஸ். மற்ற எல்லா இடத்திலும் வயரே மேல். பெஞ்சை விட்டு எழாத மிருதங்கக்காரருக்கு வயர்லெஸ் மாட்டுவது காசைக் கரியாக்குவது.

கூத்தில் வயர் தோற்கிற இடங்கள் எவை? அர்ச்சுனன் தபசு அன்று நடிகர் தபசு மரத்தில் படிப்படியாகப் பாடிக்கொண்டே ஏறுவார். தொங்குகிற மைக் அவர் பின்னால் ஏறாது. படுகளத்தன்று மண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவத்தைச் சுற்றி வேஷக்காரர்கள் ஓடுவார்கள். அங்கே பந்தலும் கிடையாது, கயிறும் கிடையாது. இந்த இரண்டுக்கும் வயர்லெஸ் இல்லாமல் முடியாது. ராத்திரிக் கூத்தில் முக்கிய வேஷக்காரர் இரண்டு மூன்று பேருக்கு இருந்தால் நல்லது. மற்றவர்களுக்குத் தொங்கும் மைக் போதும்.

சரி, இனி கடைக்குப் போவோம். பார்க்க வேண்டியதை நான் முக்கியம் என்று நினைக்கிற வரிசையில் சொல்கிறேன்.

1. முதலில் மைக் முனை

டிரான்ஸ்மிட்டரோடு இலவசமாக வருகிற காலர் மைக்கைப் பார்த்து ஏமாறாதீர்கள். குரலைப் பிடிப்பது அந்தக் குட்டி முனைதான். வெளி மைக்கை மாட்ட டிரான்ஸ்மிட்டரில் துளை இருக்கிறதா, மாட்டினால் திருகிப் பூட்ட முடிகிறதா என்று பாருங்கள். பூட்டாத பின் ஆட்டத்தில் கழன்றுவிடும். நாடக மேடைகளில் டிபிஏ, கன்ட்ரிமேன் போன்ற கம்பெனிகளின் முனைகளுக்கு நல்ல பெயர். விலை அதிகம்தான். ஆனால் செட் பழையதாகிப் போனாலும் முனையைக் கழற்றி அடுத்த செட்டில் போட்டுக்கொள்ளலாம். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி பின் வைத்திருப்பதால் மாற்றுப் பின் கிடைக்குமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூத்துக்காரர் மார்பில் காலர் மைக் குத்தினால் பதக்கம் உரசுகிற சத்தம்தான் பதிவாகும். கன்னத்தோடு வருகிற ஹெட்செட் மைக் வைத்தால் மணிக்கணக்காகப் போட்ட முக ஒப்பனை பாழ். வெளிநாட்டு இசை நாடகங்களில் நெற்றியில் முடி தொடங்கும் இடத்தில் முனையை ஒளித்துவைப்பார்கள். நமக்கு அதே இடத்தில் கிரீடத்தின் விளிம்பு இருக்கிறதே! அங்கே வைத்தால் தலையைத் திருப்பினாலும் வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் மாறாது, காலில் இருக்கிற சலங்கையும் தள்ளிப்போகும். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கேட்கிற ஆம்னி வகை முனைதான் இதற்குச் சரி. கொஞ்சம் நகர்ந்தாலும் குரல் நிறம் மாறாது.

வியர்வை இன்னொரு எதிரி. இடுப்பில் கட்டுகிற டிரான்ஸ்மிட்டரை வெளிநாட்டு நாடகக் குழுக்கள் மசகு இல்லாத ஆணுறைக்குள் போட்டுக் கட்டுவது ரொம்ப காலமாக உள்ள வழக்கம். சிரிக்காதீர்கள், வேலை செய்கிறதாம் :-) நம் ஊரில் மெல்லிய பிளாஸ்டிக் கவர் போட்டுக் கட்டினாலும் சரிதான்.

2. தனக்குள்ளேயே பதிவு செய்கிறதா?

என்னைக் கேட்டால் இன்றைக்கு ஒரு செட் வாங்க இந்த ஒரே கேள்வி பாதி முடிவு. சில டிரான்ஸ்மிட்டர்கள் குரலை ரிசீவருக்கு அனுப்பிக்கொண்டே தனக்குள்ளும் பதிவு செய்துகொள்கின்றன. 2021-ல் வந்த ரோட் வயர்லெஸ் கோ 2, 2023-ல் வந்த ரோட் வயர்லெஸ் புரோ, 2024-ல் வந்த டிஜேஐ மைக் 2 எல்லாம் இந்த வகை. ரேடியோ அலை நடுவில் அறுந்து போனாலும் நடிகர் இடுப்பில் முழுப் பதிவு பத்திரமாக இருக்கும்.

இது வந்த பிறகு வயர்லெஸ் என்பதன் வேலையே மாறிவிட்டது. ரிசீவரில் வருவது நாம் ஹெட்போனில் கேட்டுக் கண்காணிக்க. உண்மையான பதிவு உள்ளே இருப்பது. பேட்டி எடுப்பவருக்கு இது ஒரு வசதி. அவர் "இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்டுவிடலாம். வருஷத்துக்கு ஒரு தடவை ஏறுகிற தபசு மரத்தில் யாரிடம் போய்க் கேட்பது? கூத்துக்கு இது அவசியம்.

இதோடு '32 பிட் ஃப்ளோட்' என்று ஒரு வார்த்தை வரும். கட்டியங்காரன் கிசுகிசுப்பதும் துச்சாதனன் கத்துவதும் ஒரே ராத்திரியில் நடக்கும். ஒலி அளவை எங்கே வைப்பது என்பது தலைவலி. இந்த முறையில் பதிவு செய்தால் பிறகு கணினியில் ஏற்றி இறக்கிக்கொள்ளலாம், பதிவாகும் எண்களில் உச்சி வெட்டுப்படாது. ஆனால் இதை மந்திரம் என்று நம்பிவிடக் கூடாது. மைக் முனையே தாங்காமல் கரகரத்தால் எந்தப் பிட்டும் காப்பாற்றாது. அதனால்தான் முனையை முதலில் வைத்தேன்.

ஒரு எச்சரிக்கை. தனித்தனியாகப் பதிவு செய்கிற கருவிகளின் கடிகாரங்கள் சரியாக ஒத்துப்போகாது. பத்து லட்சத்தில் பத்துப் பங்கு வித்தியாசம் இருந்தாலே எட்டு மணி நேரத்தில் கிட்டத்தட்ட 0.3 விநாடி விலகிவிடும். நடிகர் பாடி முடித்த பிறகு தாளம் விழுகிற மாதிரி இருக்கும். டைம்கோட் இருக்கிற செட் என்றால் நல்லது. இல்லையென்றால் ஒவ்வொரு காட்சித் தொடக்கத்திலும் தாளத்தின் ஓங்கிய அடியை அடையாளமாக வைத்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

3. பேட்டரிக் கணக்கு

விளம்பரத்தில் ரோட் வயர்லெஸ் புரோவின் டிரான்ஸ்மிட்டர் 7 மணி நேரம், டிஜேஐ மைக் 2-ன் டிரான்ஸ்மிட்டர் 6 மணி நேரம் ஓடும் என்று இருக்கிறது. ராத்திரி 10-லிருந்து காலை 6 வரை எத்தனை மணி நேரம்? 8. பிரச்சினை புரிகிறதா? இவற்றின் பேட்டரி உள்ளேயே அடைத்தது, கழற்றி மாற்ற முடியாது. சென்ஹைசர் ஈடபிள்யூ 100 ஜி4 மாதிரி செட்களில் சாதாரண ஏஏ பேட்டரி இரண்டு போடலாம், சுமார் 8 மணி நேரம் வரும், தீர்ந்தால் பெட்டிக்கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அதில் உள்பதிவு கிடையாது.

இரண்டில் எது? கூத்தைத் தெரிந்தவருக்கு இதற்கு விடை இருக்கிறது. ராத்திரி முழுக்க களத்தில் நிற்கிற வேஷக்காரர் யாரும் இல்லை. ஒருவர் உள்ளே போவார், ஒருவர் வருவார். ராத்திரி முழுக்க எழாமல் இருப்பவர்கள் வாத்தியக்காரர்கள். அவர்களுக்கு வயர் மைக். ஆக வேஷக்காரர் ஒப்பனைக் கொட்டகைக்குப் போகும்போது டிரான்ஸ்மிட்டரைக் கழற்றி சார்ஜ் பெட்டியில் போட ஒரு ஆள் இருந்தால் உள்பதிவு செட்டே ஜெயிக்கும். அந்த ஆள் இல்லையென்றால் ஏஏ பேட்டரி செட்தான் நிம்மதி. எந்தச் செட் வாங்குவது என்பதைக் கூட வருகிற ஆள் பலம் தீர்மானிக்கிறது, பார்த்தீர்களா?

மெமரியையும் கணக்குப் போடுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஒரு குரல் என்றால் மணிக்குச் சுமார் 520 எம்பி. 32 பிட் என்றால் சுமார் 690 எம்பி. எட்டு மணி நேரத்துக்கு ஐந்தரை ஜிபி. உள் மெமரி இதற்குத் தாங்குமா, நிரம்பினால் பழையதை அழித்துவிட்டு எழுதுமா என்பதை வாங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

4. எந்த அலைவரிசை?

சின்ன, அழகான, விலை குறைந்த செட் எல்லாம் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும். இந்தியாவில் இந்தப் பட்டைக்கு உரிமம் தேவையில்லை. வைஃபையும் புளூடூத்தும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. பகல் 12 மணிக்குக் காலி மைதானத்தில் சோதித்தால் 100 மீட்டர் போகும். ராத்திரி ஆயிரம் பேர் செல்போனோடு உட்கார்ந்தால் கதை வேறு. அது மட்டுமில்லை, இந்த அலையை மனித உடம்பு நன்றாக உறிஞ்சிவிடும். நடிகர் திரும்பி நின்றாலே அவர் உடம்பு ஒரு சுவர். கூத்தில் அவர் சுழன்றுகொண்டேதானே இருப்பார்?

470-லிருந்து 700 மெகாஹெர்ட்ஸுக்குள் ஓடுகிற யுஹெச்எஃப் செட்கள் உடம்பையும் கூட்டத்தையும் கொஞ்சம் நன்றாகச் சமாளிக்கும். ஆனால் இங்கே இன்னொரு குழி இருக்கிறது. 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையை 2022 ஏலத்தில் ஜியோ 5ஜிக்காக வாங்கியது. அமெரிக்காவில் அந்தப் பட்டையில் வயர்லெஸ் மைக் பயன்படுத்துவதை 2010-லேயே நிறுத்திவிட்டார்கள். 600 மெகாஹெர்ட்ஸின் பெரும்பகுதியையும் 2020-ல் மூடினார்கள். அப்படி வேலையிழந்த செட் செகண்ட் ஹேண்டில் சல்லிசாகக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். ரிச்சி தெருவோ இணையமோ, எங்கே வாங்கினாலும் பின்பக்க ஸ்டிக்கரில் எத்தனை மெகாஹெர்ட்ஸ் என்று படித்துவிட்டுப் பேரம் பேசுங்கள். தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு கொடுக்கிற ஈடிஏ சான்று இருக்கிறதா என்றும் கேளுங்கள். முழிக்கிற கடைக்காரரிடம் வாங்காதீர்கள்.

எத்தனை மைக் ஒரே நேரத்தில் ஓடப் போகிறது என்பதும் முக்கியம். இரண்டு டிரான்ஸ்மிட்டர் பக்கத்தில் பக்கத்தில் ஓடினால் அவை கலந்து புதிய அலைகள் பிறக்கும். 600-லும் 601-லும் இரண்டு மைக் என்றால் 599-லும் 602-லும் பேய் மாதிரி இரண்டு அலை முளைக்கும். மூன்று மைக் என்றால் இந்த வகைக் கலப்புகள் 9, ஐந்து என்றால் 50. அதனால்தான் கம்பெனிகள் ஒன்றோடொன்று மோதாத எண்களைக் 'குரூப்' என்று பிரித்துக் கொடுக்கின்றன. எல்லா மைக்கையும் ஒரே குரூப்பிலிருந்து எடுங்கள். ஆளுக்கொரு நண்பரிடம் ஆளுக்கொரு பிராண்டு கடன் வாங்கிக் கூத்துக்குப் போனால் ராத்திரி முழுக்க கொர் கொர் என்று பாரதப் போர் ரேடியோவிலும் நடக்கும்.

ரிசீவரை எங்கே வைப்பது என்பது செட்டின் விலையைவிட முக்கியம். மைக் செட்காரர் மேசைக்கு அடியில் வைத்தால் எதுவும் வேலை செய்யாது. ஆள் உயரத்துக்கு மேல், களம் நேராகத் தெரிகிற மாதிரி, ஜெனரேட்டரையும் சீரியல் பல்புகளையும் விட்டுத் தள்ளி வையுங்கள்.

5. தாமதம்

டிஜிட்டல் செட்டில் குரல் சில மில்லிவிநாடி தாமதமாக வரும். காற்றில் ஒலி ஒரு மீட்டர் போகவே சுமார் 3 மில்லிவிநாடி ஆகும் என்பதால் 3, 4 எல்லாம் பொருட்டே இல்லை. ஆனால் புளூடூத் வழியாக வேலை செய்கிற மலிவு மைக்குகளில் இது நூற்றைத் தாண்டலாம். தாளத்தோடு பாடுகிற கலைக்கு அவை ஆகாது. பேச்சுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

காசுக் கணக்கு

பி.காம் படிக்கிறவன் கணக்கு பேசாமல் போனால் எப்படி? ஒரு உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். செட் 40,000 ரூபாய், இரண்டு வருஷம் கழித்து விற்றால் 20,000 வரும், வாடகைக்கு எடுத்தால் ராத்திரிக்கு 2,000. தேய்மானம் 20,000-ஐ 2,000-ஆல் வகுத்தால் 10 ராத்திரி. இரண்டு வருஷத்தில் பத்து ராத்திரிக்கு மேல் பதிவு செய்வீர்கள் என்றால் வாங்குங்கள். ஒரு குறும்படத்துக்கும் ஒரு கல்ச்சுரல்ஸுக்கும் என்றால் வாடகைதான் புத்திசாலித்தனம். எண்களை உங்கள் ஊர் விலைக்கு மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், வழி இதுதான்.

வாங்குகிற வரிசை பற்றியும் எனக்குக் கறாரான கருத்து உண்டு. முதலில் நான்கு மைக் மாட்டக்கூடிய ரெக்கார்டர். அடுத்து தொங்கவிட இரண்டு நல்ல வயர் மைக். அடுத்து காதை மூடுகிற ஹெட்போன். நாலாவதாகத்தான் வயர்லெஸ். இந்த மூன்றும் இல்லாமல் மொத்தக் காசையும் வயர்லெஸில் போடுகிறவருக்கு இரண்டு பேர் குரல் சுத்தமாகக் கிடைக்கும், கூத்து கிடைக்காது. கூத்து என்பது பின்பாட்டும் முகவீணையும் சேர்ந்ததுதானே?

"செல்போன் போதாதா?" என்று ஒரு கேள்வி வரும். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாத்தியாரிடம் பாட்டைக் கேட்டுப் பதிவு செய்ய செல்போனே போதும். தாராளமாகச் செய்யுங்கள், இன்றைக்கே செய்யுங்கள். ஐம்பது அடி தள்ளி நின்று கூத்தைப் பதிவு செய்யத்தான் போதாது. தூரம்தான் பிரச்சினை, செல்போன் இல்லை.

"மைக்கை உடம்பில் மாட்டினால் கூத்தின் தன்மை கெடாதா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் தொங்கும் மைக் ஏற்கெனவே கெடுத்துத்தான் இருக்கிறது. களம் முழுக்க ஆட வேண்டியவர் மைக்குக்குக் கீழே கட்டிப்போட்ட மாதிரி நின்று பாடுகிறார். கிரீடத்து மைக் அவரை அவிழ்த்துவிடும். அதையே ஸ்பீக்கரிலும் கொடுத்து நடிகரை முணுமுணுக்கப் பழக்கிவிட்டால் அப்போது பெரியவர்கள் சொன்னது பலிக்கும். அதனால் என் யோசனை, வயர்லெஸ் பதிவுக்கு மட்டும். ஸ்பீக்கருக்குத் தொங்கும் மைக் அப்படியே இருக்கட்டும். மைக் செட்காரரின் தொழிலிலும் நாம் கை வைத்ததாக ஆகாது.

கடைசியாக, யாருடைய பதிவு?

இன்னொன்றும் செட் வாங்கும் முன்பே தீர்மானிக்க வேண்டியது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு, நிகழ்த்துகிற கலைஞருக்குத் தன் நிகழ்ச்சி மீது 50 வருஷம் உரிமை கொடுக்கிறது. திரௌபதி வேஷம் கட்டியவரைக் கேட்காமல் அவர் குரலைப் பதிவு செய்து விளம்பரக் காசு பார்ப்பது சரியில்லை. முன்கூட்டியே வாத்தியாரிடமும் வேஷக்காரர்களிடமும் பேசி, அனுமதி வாங்கி, முடிந்ததும் ஒரு பென் டிரைவில் முழுப் பதிவையும் அவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். அந்தப் பாட்டுகளை அடுத்து கற்றுக்கொடுக்கப் போவது அவர்கள்தான். பென் டிரைவ் காசையும் பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கி.பி. 919, 921. குடவோலைத் தேர்தலில் யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது, சீட்டை யார் எடுப்பது என்று எல்லாம் அதில் இருக்கிறது. அன்றைக்குச் சபையில் அதை வாசித்தவர் குரல் எப்படி இருந்தது என்பது மட்டும் இல்லை. அவர்களிடம் உளி இருந்தது, ரெக்கார்டர் இல்லை. நம்மிடம் இரண்டும் இருக்கிறது. ஆயிரம் வருஷம் நிற்க வேண்டாம், அடுத்த தலைமுறைப் பையன் ஒரு விருத்தத்தைப் பிடித்துக்கொள்கிற அளவுக்குத் தெளிவாக இருந்தால் போதும்.

ஆகவே கடைக்குப் போகும் முன் உங்கள் ஊர்ப் பக்கம் அடுத்த கூத்து எப்போது என்று விசாரித்து ஒரு ராத்திரி முழுக்க உட்காருங்கள். யார் எங்கே நிற்கிறார், எப்போது உள்ளே போகிறார், ஜெனரேட்டர் எங்கே, எந்த வரி கேட்கவில்லை என்று ஒரு பேப்பரில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பேப்பரோடு கடைக்குப் போனால் எந்தச் செட் வேண்டும் என்று கடைக்காரர் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்காது, நீங்கள் அவருக்குச் சொல்வீர்கள்.